கொடுக்கும் கையும் மறைக்கும் நாவும்



சபையில் நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிற ஒரு காரியத்தைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நடுவயதைத் தாண்டிய ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஊசியாகவோ ஜெல்லாகவோ எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பரவலான வழக்கமாகிவிட்டது. அப்படி எடுப்பவர்களில் பலர் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை இரத்த வங்கிக்குச் சென்று இரத்தம் கொடுக்கிறார்கள். காண்பவர்கள் அதைத் தருமம் என்று மெச்சுகிறார்கள். கொடுப்பவருடைய உள்ளத்திலோ வேறொரு கணக்கும் ஓடுகிறது. அந்தக் கணக்கை நிதானித்துப் பார்ப்போம்.

இந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருகச் செய்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளவும் வழி திறக்கிறது. அதனால் இரத்தம் தடிக்கிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் அளவை ஹெமடோகிரிட் என்பார்கள். ஆண்களுக்கு அது ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது இயல்பு. 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கிய பின்பு குறைந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதல். இரத்தம் தடித்தால் அது உறைந்து நாளங்களை அடைக்கக்கூடும் என்ற அச்சமே இந்த எச்சரிக்கைக்குக் காரணம்.

ஒருமுறை இரத்தம் கொடுத்தால் ஹெமடோகிரிட் ஏறத்தாழ 3 புள்ளிகள் இறங்கும். ஆகவே, "மருந்தையும் விட வேண்டாம், மருத்துவரிடமும் போக வேண்டாம், இரத்தம் கொடுத்தால் போதும்" என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. பிறருக்கும் நன்மை, தனக்கும் நன்மை என்று மனம் ஆறுதலடைகிறது.

தன் நலத்தையும் எண்ணிக் கொடுத்தது தானமாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகும் என்பதே என் எண்ணம். பிறர் பிழைக்கக் கொடுத்த இரத்தம், கொடுத்தவருக்கும் நலம் செய்தது என்பதால் மதிப்புக் குறைந்துபோவதில்லை. விதைக்கிறவனும் அந்த விளைச்சலில் உண்கிறான்; அதற்காக அவனை யாரும் பழிப்பதில்லை. அமெரிக்க அரசின் விதியும் இதை ஏற்கிறது. மருத்துவரின் சீட்டோடு வருகிறவரிடம், அவர் கொடையாளருக்குரிய எல்லாத் தகுதிகளும் உடையவராயிருந்து, அந்த நோய்நிலையில் இரத்தம் எடுப்பது அவருக்கும் பெறுபவருக்கும் தீங்கு செய்யாதென்றால், எடுத்த இரத்தத்தைப் பிறருக்கு ஏற்றலாம். அந்த நிலையிலுள்ள எவரிடமும் அதற்கெனக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதிலுள்ள நிபந்தனை. கட்டணத்தைத் தவிர்க்கும் ஆசையால் ஒருவர் தன் குறையை மறைத்துவிடக் கூடாதல்லவா? உண்மைக்கு இடமிருக்கும்படி அந்த விதியை அமைத்திருக்கிறார்கள்.

ஆனால், அன்பானவர்களே, இரண்டு இடங்களில் இந்தக் கொடை வழிதவறுகிறது.

முதலாவது, மறைத்தல். இரத்த வங்கியில் கையில் தரப்படும் கேள்வித்தாளில், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற வரியைச் சிலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்த இரத்தம் யாருக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. அது பிரசவ வார்டில் இருக்கும் ஒரு தாய்க்கோ அறுவை மேசையில் கிடக்கும் ஒரு குழந்தைக்கோ போகலாம். எதை ஏற்பது, எதை விலக்குவது என்று தீர்மானிக்க வேண்டியவர் இரத்த வங்கியின் மருத்துவர். அவருக்குரிய அந்தத் தீர்மானத்தை நம்முடைய மௌனத்தால் பறித்துவிட நமக்கு உரிமையில்லை. வேதாகமம் இரத்தத்தை எப்போதும் உயிரோடு சேர்த்தே பேசுகிறது. உயிரைக் கொடுக்கும் வேளையில் நாவிலும் உண்மை இருக்க வேண்டும்.

இரண்டாவது, இரத்தம் கொடுப்பதையே வைத்தியமாக்கிக்கொள்வது. பெருகுவதற்குக் காரணம் உள்ளே இருக்க, பெருகியதை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் கிணறு மறுபடியும் நிறையும். கனடாவில் 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்த ஹார்மோனை எடுத்துக்கொண்டே தொடர்ந்து இரத்தம் கொடுத்தவர்களில் பலருக்கு இரத்த அளவு உயர்ந்த நிலையிலேயே நீடித்ததைக் காட்டியது. அமெரிக்காவில் ஒரு கொடைக்கும் அடுத்ததற்கும் 56 நாள் இடைவெளி வேண்டும். இந்தியாவில் ஆண்களுக்கு அது 90 நாள். அந்த இடைவெளியில் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது.

இதிலே இன்னொரு கண்ணியும் உண்டு. ஒவ்வொரு கொடையிலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து உடலை விட்டுப் போகிறது. அதை உணவால் மீட்க மாதங்கள் ஆகும். அடிக்கடி கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் உயர்ந்தே இருக்க, உள்ளேயிருக்கும் இரும்புச் சேமிப்பு வற்றிப்போகலாம். அப்போது சோர்வு வரும், மூச்சு வாங்கும், உற்சாகம் குன்றும். இந்தச் சோர்வை நீக்கத்தானே அவர் ஹார்மோனை நாடினார்! மீண்டும் சோர்வு வந்ததும் மருந்து குறைந்துவிட்டது என்றெண்ணி ஊசியின் அளவைக் கூட்டுகிறார். இரத்தம் மேலும் தடிக்கிறது, மேலும் கொடுக்கிறார். இப்படி ஒரு சக்கரத்தில் அகப்பட்டுக்கொள்ளுகிறார்.

சிலர், "இந்த மருந்து எனக்கு உண்மையிலேயே உதவுகிறது, அதை விட்டுவிடச் சொல்லுகிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. விரைகளிலோ பிட்யூட்டரி சுரப்பியிலோ குறையுள்ளவருக்கு இது அவசியமான மருந்து. அதை எடுப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. வயது ஏறுவதால் மட்டும் குறைகிற ஹார்மோனுக்கு இந்த மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015ஆம் ஆண்டிலே அறிவித்தது. 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் இந்த மருந்தால் கூடவில்லை என்று தெரிந்தது. அதற்காக நன்றி சொல்லலாம். ஆயினும் நுரையீரல் நாளத்தில் இரத்தம் உறைவதும் ஒருவகை இதயத் துடிப்புக் கோளாறும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்பட்டன. மேலும், அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் நீட்டிய ஊசியைச் சீட்டில்லாமல் போட்டுக்கொள்ளுகிறவருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

ஆகவே சகோதரரே, உம்மிடம் சில காரியங்களை வேண்டிக்கொள்ளுகிறேன். இந்த மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும். மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் மறுபடியும், பின்பு ஆண்டுதோறும் செய்துகொள்ளும். அளவு உயர்ந்தால் முதலில் மருத்துவரிடம் செல்லும். அவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம்; ஊசிக்குப் பதிலாக ஜெல் கொடுக்கலாம்; தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்கலாம், ஏனெனில் அதுவும் இரத்தத்தைத் தடிக்கச் செய்யும். இரத்தம் கொடுக்கலாம் என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு கொடும்; கொடுக்குமிடத்தில் மருந்தின் பெயரைச் சொல்லும்; இரும்புச் சேமிப்பையும் பார்க்கச் சொல்லும். அவர்கள் வேண்டாம் என்றால் தலைகுனிய வேண்டாம். உண்மையைச் சொல்லித் திரும்பி வருவதும் பிறனுக்குச் செய்யும் ஊழியமே.

வீட்டிலுள்ள சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணவரோ தகப்பனோ இதைச் சொல்லக் கூச்சப்படலாம். ஆண்மை குறைந்தது என்று உலகம் நகைக்குமோ என்ற பயமே பல ஆண்களை மருத்துவரிடமிருந்து தூரமாக்கி, மறைவில் வைத்தியம் தேடச் செய்கிறது. சபையிலும் அந்த நகைப்பு கேட்குமானால் அவர்கள் எங்கே போவார்கள்? கேலியின்றிக் கேளுங்கள், பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள்.

சரீரம் நம்முடைய சொத்தல்ல, நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. நல்ல உக்கிராணக்காரன் எதையும் மறைக்காமல் கணக்கு ஒப்புவிக்கிறான். இந்த வாரத்தில் உங்களில் ஒருவர் துணிந்து தன் மருத்துவரிடம் வாய் திறப்பாரானால், இதை எழுதிய பயன் கிடைத்தது. கர்த்தர் உங்களுக்குச் சுகத்தையும், அதைக் காக்கும் தெளிவையும் அருளுவாராக. ஆமென்.