புள்ளைக்கு ஆட்டிசம்னா அம்மா குரோஷா போடக்கூடாதா?

நீளமான த்ரெட். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோட அம்மாக்களுக்கு அட்வைஸ் பண்ற எல்லாரும் முழுசா படிச்சுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

திருச்சி கே.கே. நகர்ல குடியிருக்கேன். அரசு மருத்துவமனையில வேலை. படிச்சது எம்.பி.பி.எஸ்., ஆட்டிசம் நிபுணர் இல்லை. ஆனா தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மைன்னு ஓ.பி.க்கு வர்ற சில அம்மாக்களோட வியாதி சீட்டுல எழுதுற மாதிரி இருக்காது.

சமீபத்துல ஒருத்தங்க வந்தாங்க. (விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் ஆட்டிசம். "உங்களுக்குன்னு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். கட்டைப்பைக்குள்ள இருந்து பாதி போட்ட குரோஷா ஒண்ணை எடுத்துக் காட்டிட்டு சட்டுனு உள்ள வச்சுட்டாங்க. திருட்டுப் பொருள் மாதிரி. நாத்தனார் சொன்னாங்களாம், "புள்ளைங்க இப்படி இருக்கு, உனக்கு நூல் ஒரு கேடா?" பசங்க போற தெரபி சென்டர்ல வெளிய உட்கார்ந்து போட்டதுக்கு அங்கயும் ஒருத்தர், "அந்த நேரத்துக்கு ஒரு டிரெய்னிங் வீடியோ பார்க்கலாமேம்மா."

"நான் சுயநலமா டாக்டர்?"

இல்லைம்மா. இந்தக் கேள்வி உங்க மனசுல எப்படி வந்துச்சுன்னுதான் நாங்க வெட்கப்படணும்.

இது இன்னைக்கு நேத்து வந்த பேச்சு இல்லை. 1943ல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அதிலேயே பெற்றோர்கள் பாசம் குறைந்தவர்கள் என்ற தொனி இருந்தது. அதுதான் பின்னாடி "ஃபிரிட்ஜ் அம்மா" கதையாக வளர்ந்தது. அம்மா மனசு ஜில்லுனு இருந்ததால பிள்ளை உள்ள ஒடுங்கிப் போச்சாம். 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு முழு புத்தகமாவே எழுதி உலகம் பூரா பரப்பினார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1964ல், பெர்னார்ட் ரிம்லாண்ட் ஆட்டிசம் உடல்சார்ந்த மூளை வளர்ச்சி விஷயம்னு எழுதிட்டார். அவரே ஆட்டிசம் உள்ள பையனோட அப்பா. 1969ல் கேனரே பெற்றோர் கூட்டத்துல நின்னு, உங்க மேல பழி இல்லைன்னு சொன்னார். இன்னைக்கு இதில் பெரும்பங்கு மரபணுக்களுக்குத்தான்னு ஆய்வுகள் தெளிவா சொல்லுது.

அறிவியல் அந்தக் கதையைத் தூக்கிப் போட்டு அரை நூற்றாண்டு ஆச்சு. நம்ம வீட்டு ஹாலில் மட்டும் அது உயிரோட உட்கார்ந்திருக்கு. அன்னைக்கு "நீ பாசம் காட்டாததால வந்துச்சு"ன்னாங்க. இன்னைக்கு "நீ இன்னும் கொஞ்சம் உழைச்சா சரியாயிடும்"ங்கறாங்க. ரெண்டுலயும் குற்றவாளி அம்மாதான்.

இங்க ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. சின்ன வயசுலயே பயிற்சி தொடங்குறது முக்கியம் இல்லையா? முக்கியம்தான், அதை நான் மறுக்கல. ஆனா அந்தப் பயிற்சியை வீட்டில் தினமும், வருஷக் கணக்கா நடத்தப் போறது யாரு? உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெற்றோர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டம் வச்சிருக்கு. 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை. பிள்ளையோட எப்படி விளையாடணும், எப்படிப் பேச வைக்கணும்னு சொல்லித் தர்ற அதே பாடத்துல, பராமரிக்கிறவங்க தன்னைப் பார்த்துக்கிறதும் ஒரு பகுதி. "நேரம் மிச்சமிருந்தா பாருங்க"ன்னு விடல, பாடத்துக்குள்ளயே வச்சிருக்காங்க.

இப்ப காசு கணக்குக்கு வருவோம். நூறு ரூபாய் நூலுக்கு முகம் சுளிக்கிற அதே குடும்பம், ஸ்டெம் செல்லுக்கு லட்சக்கணக்குல கடன் வாங்க யோசிக்கிறதே இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கது இல்லைன்னு தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் 2022லயே சொல்லிடுச்சு. அங்க போறது "புள்ளைக்காக", அதனால செலவு இல்லையாம். நூல் அம்மாவுக்காக, அதனால ஊதாரித்தனமாம்!

எனக்கு இதைவிட எரிச்சல் வர்றது நல்லெண்ணக்காரங்க மேல. "அழகா போடறீங்களே, இன்ஸ்டாகிராம்ல விக்கலாமே?" "பையனுக்கும் கத்துக் கொடுங்க, விரலுக்குப் பயிற்சி." விக்க ஆசை இருந்தா விக்கட்டும். பையனுக்குப் பிடிச்சா கத்துக்கட்டும். ஆனா காசா மாறினா சரி, தெரபியா மாறினா சரி, சும்மா பிடிச்சிருக்குன்னா மட்டும் தப்பா? சாயங்காலம் அப்பா ஐ.பி.எல். பார்க்கிறதுக்கு இதே மாதிரி யாராவது காரணம் கேட்டிருக்கோமா?

"திருச்சி வெயிலுக்கு ஸ்வெட்டரா"ன்னு சிரிக்கிறவங்களுக்கு: நம்ம அம்மாக்கள் வயர் கூடை பின்னினது குளிருக்காகவா? 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் குழு ஒண்ணு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை சேர்த்து கின்னஸ் சாதனை பண்ணுச்சு. சென்னையில குளிரா அடிச்சுது?

இன்னொரு விஷயம் ரொம்ப நாளா உறுத்துது. பிள்ளை ஒரே மாதிரி கையை அசைச்சுக்கிட்டே இருந்தா "நிறுத்து"ன்னு கையைப் பிடிக்கிறோம். அது பல பிள்ளைகள் தன்னை அமைதிப்படுத்திக்கிற வழி. அம்மா ஒரே மாதிரி நூலைச் சுத்தி இழுக்கிறதும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பேரையும் கொஞ்சம் விட்டுடலாம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, "பராமரிப்பாளர்" என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது பெற்றோரையும் சேர்த்தே சொல்கிறது, சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியையும் குறிப்பிடுகிறது. 1999 சட்டத்தின் கீழ் வந்த நேஷனல் டிரஸ்ட்டில், பிள்ளையைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டு குடும்பத்துக்கு ஓய்வு தரும் "சமர்த்" திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆக, அம்மாவுக்கு ஓய்வு வேணும்ங்கறது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, அரசாங்கமே காகிதத்துல ஒத்துக்கிட்டது. உங்க ஊர் எம்.எல்.ஏ., கவுன்சிலர் ஓட்டு கேட்டு வரும்போது, அந்த மாதிரி இடம் நம்ம பக்கம் எங்க இருக்குன்னு கேளுங்க.

நூல் மருந்துன்னு நான் சொல்லல. வாரக்கணக்கா தூக்கம் வரல, அழுகை நிக்கல, வாழவே பிடிக்கலன்னா உடனே டாக்டர்கிட்ட வாங்க. அதுக்கு குரோஷா பத்தாது.

அம்மாக்களுக்கு ரெண்டு மூணு நடைமுறை விஷயம். குரோஷாவில் ஒரு தையல் முடிஞ்சதும் பொதுவா ஊசியில ஒரே லூப்தான். பிள்ளை எழுந்து ஓடினா அதுல ஒரு ஊக்கை மாட்டிட்டு ஓடலாம், வந்து தொடரலாம். ரெண்டு ஊசிப் பின்னல்னா நாற்பது ஐம்பது லூப் ஊசியில நிக்கும், நழுவினா போச்சு. அதுக்கு நடுவுல வயர் இருக்கிற வட்ட ஊசி வாங்குங்க. லூப்பை வயருக்குத் தள்ளிட்டு எழுந்திரிக்கலாம். கத்தரிக்கோல், ஊசி, நூல் எல்லாம் மூடி இருக்கிற டப்பாவில, எட்டாத உயரத்துல. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு வயசு ஏறினாலும் கிடைச்சதை வாயில போடற பழக்கம் போகாது. நீள நூலை விழுங்கினா குடல்ல சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போகும். விழுங்கினதா சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. வாய்ல இருந்தோ ஆசனவாய்ல இருந்தோ நூல் தொங்கினா இழுக்காதீங்க.

இனி மாமியார், நாத்தனார், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க, முக்கியமா அப்பாக்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை "நான் பார்த்துக்கறேன், நீ அரை மணி நேரம் அந்த ரூம்ல உட்காரு"ன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க: குக்கர் விசில் சத்தம் பிள்ளைக்கு ஆகுமா, எந்தத் தட்டுல சாப்பிடும், அழ ஆரம்பிச்சா தொடலாமா, விட்டுடணுமா. வாசக் கதவுத் தாழ்ப்பாளைப் போடுங்க. போனை உள்ள வைங்க. சின்னச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் அந்த ரூம் கதவைத் தட்டாதீங்க.