யாரைக் கேட்டுச் செய்தனர்?

வஹகோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்கு அண்மையில் வாழும் கமக்காரர் ஒருவரின் மகன் சென்ற வாரம் எம்மிடம் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து தந்தார். பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பமும் சமுதாயமும் என்னும் பாடநெறியை முடித்த அவர், தாம் கற்றதை எண்ணிப் பார்த்து எழுதியது அது. உழைத்து எழுதியிருக்கிறார். அச்சுப்பொறி, நீராவி எந்திரம், கைத்தொலைபேசி, செயற்கை நுண்ணறிவு யாவும் அதில் உண்டு. ஆனால், தொழில்நுட்பம் முன்னே செல்லும், சமுதாயம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடித்திருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எமக்கு வழக்கு.

1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பின்னல் எந்திரங்களை உடைத்த லுடைட்டுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், முன்னேற்றத்தை வெறுத்தவர்களாம். பாடநெறி இப்படித்தான் சொல்லிக்கொடுத்ததோ, மாணவர்தான் இப்படி விளங்கிக்கொண்டாரோ, அறியோம். அத்தொழிலாளர் அதே எந்திரங்களில் உழைத்துப் பிழைத்தவர்கள். கூலியை வெட்டுவதற்கும் மட்டமான சரக்கைச் சந்தையில் தள்ளுவதற்கும் எந்திரம் கருவியாக்கப்பட்டதையே அவர்கள் எதிர்த்தனர். 1812இல் பாராளுமன்றம் அவர்களுக்கு அளித்த மறுமொழி மரண தண்டனைச் சட்டம்! பிரபுக்கள் சபையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசியவர்களுள் கவிஞர் பைரன் ஒருவர்.

இங்கிலாந்து வரை போவானேன்? மாணவரின் தந்தையாருடைய வயலுக்கே வருவோம்.

அந்த வயலில் நெடுங்காலமாக விளைவது பி.ஜி. இன நெல். வஹகோட்டையிலிருந்து தொலைவில் இல்லாத குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரே அதன் முன்னெழுத்துகளில் நிற்கிறது. இந்தப் புதிய நெல்லினங்கள் பசளை கேட்டன. பசளைக்கு அரசாங்கமே 1962 முதல் மானியம் தந்தது. இடு, இன்னும் இடு என்று அதிகாரிகள் வரம்பில் நின்று சொன்னார்கள். கமக்காரர் தாமாகப் பசளைக்கு அடிமையானவர் அல்லர். அரசாங்கம் கைபிடித்து அழைத்துச் சென்ற பாதை அது. ஆறு தசாப்தங்களாக ஒருவனை ஒரு வழியில் நடத்திவிட்டு, ஒரே நாளில் அவ்வழியை அடைப்பதைச் சட்டம் எவ்வாறு நோக்கும்? நியாயமான எதிர்பார்ப்பு என்றொரு கோட்பாடு நீதிமன்றங்களுக்கு நன்கு தெரிந்ததே.

2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ சேதன விவசாயத்துக்கு மாறப் 10 ஆண்டுகள் என்றார். 2021 மே 6ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி இரசாயனப் பசளையின் இறக்குமதியை உடனே தடை செய்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? கமத்தொழில் பற்றிய சட்டத்தின் கீழா? இல்லை. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்! நாட்டின் உழவு முறையையே தலைகீழாக்கும் ஒரு மாற்றம் துறைமுக வாசலில் வைத்துச் செய்து முடிக்கப்பட்டது.

இரசாயனம் தீங்கற்றது என்று வாதிட நாம் வரவில்லை.  மண்ணைக் காக்க வேண்டும் என்ற கவலை கமக்காரருக்கும் உண்டு. 2021இல் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் கமக்காரரிடம் நடத்திய ஆய்வில் பெரும்பான்மையோர் சேதன முறைக்கு மாறுவதை ஆதரித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்டது ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசம். அவ்வளவே! அந்த அவகாசத்தைத்தான் கொழும்பு தர மறுத்தது.

பின்னர் நடந்தது யாது? சேதனப் பசளையோடு சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அச்சரக்கின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா உண்டென்று எமது அதிகாரிகளே மறுத்தனர். கரையில் இறங்காத அச்சரக்குக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அவ்வருடம் மாணவரின் தந்தையார் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது வழக்கத்தில் பாதிதான் என்றார். ஏனைய பாதிக்கு அடைவுகடைச் சீட்டு ஒன்றைக் காட்டினார்.

மாத்தளைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அவருடைய சகோதரியின் கதையைக் கட்டுரையில் ஒரு வரியிலும் காணோம். 2021 மார்ச்சில் ஒரு வர்த்தமானி நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்றது. மே மாதத்தில் இன்னொரு வர்த்தமானி, அச்சம்பளத்தைப் பெறுவதற்கு வேண்டிய கொழுந்தைச் செடியிலேயே வற்றச் செய்தது. நிறை குறைந்தால் அரைப்பேர். செடியில் தளிர் இல்லாததற்குக் கங்காணியும் பொறுப்பில்லை, துரையும் பொறுப்பில்லை, ஜனாதிபதியும் பொறுப்பில்லை. கூடை சுமந்தவளே பொறுப்பு! 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 25 கோடியாக வீழ்ந்ததற்குப் பசளையின்மை முதன்மையான காரணங்களுள் ஒன்று. 2022 ஜனவரியில் அரசாங்கம் 4,000 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. அது நெற்செய்கையாளருக்கு. தமையனுக்கு அறிவித்தலாவது கிடைத்தது; தங்கைக்கு அதுவும் இல்லை.

2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடி பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் நால்வர் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ராஜபக்ஷ சகோதரர்களும் வேறு சிலரும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையை மீறினர் என்பது தீர்ப்பு. அதை வரவேற்கிறோம். ஆயினும் கட்டளையிடப்பட்ட பணம் மனுதாரரின் வழக்குச் செலவு மட்டுமே. அரைப்பேர் அரைப்பேராகவே நின்றது.

ஆதலின் மாணவருக்கு நாம் சொன்னது இது: தம்பி, பசளைத் தடையும் ஒரு தொழில்நுட்பத் தீர்மானமே. அதற்கேற்பச் சமுதாயம் தன்னை மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் அன்று ஆண்டவர்களும் சொன்னார்கள். அவர்களுடைய வாக்கியத்தை நீர் ஏன் எழுதுகிறீர்?

எமது கோரிக்கை எளியது. நிலத்தையும் கூலியையும் தொடும் எந்த ஒழுங்குவிதியும் முதலில் வரைவாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். கமநல சேவை நிலையத்திலும் தோட்டத்து மண்டபத்திலும் அதனை வாசித்து, ஆட்சேபம் கேட்டு, கேட்ட ஆட்சேபத்துக்கு எழுத்தில் விடை தரட்டும். ஒரு போகம் முழுவதும் அதற்கு அவகாசம் இருக்கட்டும். இதனைச் சட்டமாக்குமாறு மாத்தளை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மனு எழுதியிருக்கிறோம். மாணவரின் தந்தையார் கையொப்பமிட்டார். அவருடைய சகோதரியின் கையொப்பத்துக்காக வரும் ஞாயிறு நாமே தோட்டத்துக்குச் செல்கிறோம். மாணவரும் உடன் வருகிறார்.