வெறுங்கை வீரர்கள்

அம்பத்தூரைச் சேர்ந்த மேனாம்பேட்டில் சாயங்கால வேளையில் நடந்து போகிறவர்களுக்கு இப்பொழுதெல்லாம் ஒரு சத்தம் காதில் விழாமல் இராது. மொட்டை மாடியிலிருந்தோ கலியாண மண்டபத்துக் கொல்லையிலிருந்தோ முப்பது குழந்தைகள் ஒரே மூச்சில் கத்துகிற சத்தம் அது. புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென்று ஓடிப் பார்ப்பதும் உண்டு. விபரீதம் ஒன்றுமில்லை, கராத்தே வகுப்பு நடக்கிறது. 1964-ம் வருஷத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு இந்தப் பக்கத்தில் குடியேறிய குடும்பங்கள் பல. தாத்தா லேத்து மிஷினுக்கு அருகில் கை பத்திரம், கை பத்திரம் என்று காலம் தள்ளினார். பேரன் அதே கையால் காற்றைக் குத்திக்கொண்டிருக்கிறான்.

இந்தக் குழந்தைகளில் பதினாறு பேர் சமீபத்தில் ஒரு பந்தயத்துக்குப் போனார்கள். கூடவே நாமும் போனோம். பள்ளிக்கூட உபாத்தியாயருக்குப் பிள்ளைகளை எண்ணி வண்டியில் ஏற்றுகிற வித்தை கைவந்திருக்கும் என்று அவர்களுடைய ஆசிரியர் நினைத்தார் போலும். அவர் நினைத்தது சரிதான். போகும்போது பதினாறு, வரும்போதும் பதினாறு. பதக்கங்களை எண்ணிய இடத்தில்தான் சங்கடம் உண்டாயிற்று.

கராத்தே பந்தயம் பார்த்திராத நேயர்களுக்காக அதன் முறையைச் சிறிது சொல்லிவிடுகிறோம். எட்டு மீட்டர் சதுரத்துக்கு மெத்தை விரித்திருக்கிறார்கள். எதிர் எதிராக நிற்கும் இருவரில் ஒருவருக்குச் சிவப்புக் கச்சை, மற்றவருக்கு நீலம். நடுவர் ஒருவர் உள்ளே நிற்க, மூலைகளில் அமர்ந்திருப்பவர்கள் கையில் சிவப்பும் நீலமுமாகக் கொடிகள். குத்துக்கு ஒரு புள்ளி. வயிற்றிலோ முதுகிலோ காலால் உதைத்தால் இரண்டு. தலையை நோக்கிக் கால் சரியாகப் போனால் மூன்று. இளம் வயதினருக்கு ஆட்டம் இரண்டு நிமிஷந்தான். அதிலும் சிறியவர்களுக்கு இன்னும் குறைவு. பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டி மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கேட்பதற்குச் சுலபமாயிருக்கும் இந்த விதிகளுக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குத்து முழு வேகத்தோடு போகவேண்டும். எதிராளியை எட்டக்கூடிய தூரத்தில் போகவேண்டும். ஆனால் இளம் வயதினர் ஆட்டத்தில் கை முகத்தில் படவே கூடாது. லேசாகப் பட்டாலும் குற்றம். பலமாகப் பட்டுக் காயம் உண்டானால் ஆட்டமே போய்விடும். அதாவது, அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த அடியை ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கோஷ்டியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன். நல்ல ஆட்டக்காரன். மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தான். இன்னும் இருபது விநாடி சும்மா சுற்றி வந்திருந்தாலும் ஜயம் அவனுடையது. ஆனால் எதிராளி முன்னே பாய்ந்த ஆத்திரத்தில் இவனும் கையை வீசினான். கை நிற்கவில்லை. எதிராளியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நடுவர் நம் பையனை விலக்கிவிட்டு, மெத்தையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கே வெற்றி என்று கையைக் காட்டினார்.

பையனின் தகப்பனாருக்கு வந்த கோபத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. "என்ன சார் இது அநியாயம்! அடிக்கிற விளையாட்டில் அடித்தவன் தோற்றான், அடி வாங்கினவன் ஜயித்தான் என்றால், இதற்கா மாதா மாதம் பணம் கட்டுகிறேன்?" என்று நம்மைக் கேட்டார். நடுவரைக் கேட்க முடியாததால் உபாத்தியாயரைக் கேட்டார். பந்தய அரங்கின் இரைச்சலில் நாம் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. ஆகவே இங்கே சொல்கிறோம்.

முதலாவதாக, இந்தத் தீர்ப்பு மேனாம்பேட்டுப் பையனுக்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. 2020-ம் வருஷத்திய ஒலிம்பிக் பந்தயங்கள் நோய்ப் பரவல் காரணமாக 2021-ல் டோக்கியோ நகரில் நடந்தன. ஒலிம்பிக்கில் கராத்தே இடம் பெற்றது அந்த ஒரு தடவைதான். ஆகஸ்டு 7-ந் தேதி, அதிக எடைப் பிரிவின் இறுதி ஆட்டம். ஸவூதி அரேபியாவின் தாரெக் ஹமீதியும் ஈரான் தேசத்து ஸஜ்ஜாத் கஞ்ச்ஸாதேயும் மோதினார்கள். ஹமீதி நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார். அவர் ஜயித்திருந்தால் ஸவூதி அரேபியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அதுவாக இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் அவர் வீசிய கால் ஈரானியரின் கழுத்துப் பக்கம் தாக்கிற்று. ஈரானியர் நினைவிழந்து விழுந்தார். தூக்குக் கட்டிலில் வைத்து வெளியே கொண்டு போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடின்றித் தாக்கியதற்காக ஹமீதியை நீக்கினார்கள். தாம் ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்ட செய்தியை நினைவு திரும்பிய பிறகுதான் கஞ்ச்ஸாதே அறிந்தார். ஹமீதிக்கு வெள்ளி, கண்ணீரும் வந்தது.

உலகமெங்கும் இதைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. தரையில் கிடந்தவனுக்குத் தங்கமா என்று பரிகாசம் செய்தவர்கள் அநேகம். நமக்கோ, அந்த நடுவர்கள் செய்தது மிகப் பெரிய காரியம் என்றே தோன்றுகிறது. ஒரு ராஜ்யத்தின் முதல் தங்கப் பதக்கம் ஒரு பக்கம். ஆட்டத்தின் தர்மம் மறுபக்கம். தராசைக் கையில் பிடித்தவர்களுக்கு அன்று கை நடுங்கவில்லை.

இந்த தர்மம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரிடத்தில் போய் நிற்கவேண்டி வருகிறது. கராத்தேயை ஜப்பானின் பெருந்தீவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷி சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியார். 1868-ல் ஓகினாவாத் தீவில் பிறந்தவர். ஓகினாவா அக்காலத்தில் ரியூக்யூ என்னும் சிறு ராஜ்யத்தின் பகுதி. 1609-ல் ஜப்பானியப் பிரபு வம்சம் ஒன்று அதன்மேல் படையெடுத்து அடக்கிற்று. 1879-ல் ஜப்பான் அதை முழுவதுமே தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஃபுனகோஷி இளமையில் தம் குருவின் வீட்டு முற்றத்தில் இரவு வேளையில் ரகசியமாகப் பயின்றார். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப மாதக் கணக்கில் செய்யச் சொல்வார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒரே கணக்கை மூன்று தடவை போடச் சொன்னால் அவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையை நினைத்துக்கொண்டோம்.

1922-ல் அவர் டோக்கியோவுக்குப் போய்த் தம் வித்தையைக் காண்பித்தார். ஜூடோவை ஏற்படுத்திய ஜிகோரோ கானோ அவரை ஆதரித்தார். அவரும் கல்வித் துறையில் பெரிய ஆசிரியர். இன்று நம் பிள்ளைகள் அணிகிற வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டையும் ஜூடோவிலிருந்து வந்தவைதாம். ஆக, தோற்கடிக்கப்பட்ட தீவினர் தங்களை வென்றவர்களுக்கே குருவானார்கள். சரித்திரத்தில் அபூர்வமாக நடக்கும் சந்தோஷமான காரியங்களில் இது ஒன்று.

கராத்தே தெரிந்தவன் முதல் அடியைத் தான் அடிக்கக்கூடாது என்பது ஃபுனகோஷியின் கொள்கை. பந்தயம் வைப்பதே அவருக்குச் சம்மதமில்லை. அவர் 1957-ல் காலமானார்; அதே வருஷத்தில் ஜப்பான் கராத்தே சங்கத்தார் தங்கள் முதல் தேசியப் பந்தயத்தை நடத்திவிட்டார்கள். அந்தப் பந்தயத்தில் ஜயித்த ஹிரோகாஸு கனஸாவாவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் கை எலும்பு முறிந்திருந்தது. ஆடாமல் விலகிவிட எண்ணியவரிடம், ஊரிலிருந்து பார்க்க வந்த தாயார், "இன்னொரு கையும் இரண்டு கால்களும் இருக்கின்றனவே" என்ற பொருளில் ஏதோ சொன்னதாகக் கதை வழங்குகிறது. மேனாம்பேட்டுத் தாய்மார்கள் இந்த வீரத் தாயாரைப் பின்பற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குருவுக்குச் சம்மதமில்லாத பந்தயத்தைச் சீடர்கள் எப்படி நடத்தினார்கள்? கையை நிறுத்தவேண்டும் என்ற விதியைப் போட்டுக்கொண்டுதான் நடத்தினார்கள். அந்த விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெருச்சண்டை. அதற்கு மெத்தையும் கொடியும் வேண்டியதில்லை. பதின்மூன்று வயதுப் பையனின் தகப்பனாருக்கு நம் பதில் இதுதான். அவர் கட்டுகிற பணம் அடிக்கக் கற்றுக் கொடுப்பதற்கல்ல. அடிக்கப் பையன்கள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். நம் வகுப்பின் கடைசிப் பெஞ்சியில் தினமும் பார்க்கிறோம்.

பந்தயத்தில் இன்னொரு பகுதி உண்டு. அதில் எதிராளியே கிடையாது. கற்பனையில் நாலு பக்கமும் பகைவர் சூழ நிற்பதாக வைத்துக்கொண்டு ஒருவரே வரிசை செய்துகாட்ட வேண்டும். இதற்குக் காத்தா என்று பெயர். கூட்டம் இதைப் பார்ப்பதில்லை; அந்த நேரத்தில்தான் எல்லோரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். நாம் உட்கார்ந்து பார்த்தோம். நம் ஊர்ப் பெண் குழந்தை ஒன்று, ஒன்பது வயதிருக்கலாம், அவ்வளவு பெரிய மெத்தையின் நடுவில் தனியாக நின்று, ஒருவரையும் ஏறெடுத்துப் பாராமல், ஆரம்பித்த இடத்திலேயே அடி பிசகாமல் வந்து முடித்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற குழந்தை அது என்று தாயார் சொன்னார். டோக்கியோவில் பெண்களுக்கான காத்தாவில் தங்கம் பெற்ற ஸ்பெயின் தேசத்து ஸான்ட்ரா ஸாஞ்சஸுக்கு அப்பொழுது வயது 39. ஆண்களில் ஜயித்த ரியோ கியூனா ஓகினாவாத் தீவுக்காரர். காலஞ்சென்ற தாயாரின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதக்க மேடையில் நின்றார். ஃபுனகோஷி கப்பலேறிய தீவுக்கு நூறு வருஷம் கழித்து வந்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

வண்டியில் திரும்பி வருகையில் ஒரு பையனின் தாத்தா, "சிலம்பம் நம்முடையது, அதை விட்டு ஜப்பான்காரன் வித்தை எதற்கு?" என்றார். மற்றொருவர் உடனே, "இதுவும் நம்முடையதுதான், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தது" என்றார். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு ஊரெங்கும் பரவியிருக்கிறது. நமக்கும் ஆசைதான். ஆனால் ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன நூல் ஒன்று போதிதர்மரைப் பாரசீக தேசத்தவர் என்கிறது. மற்றொரு பழைய குறிப்பு தென்னாட்டு அரசர் ஒருவரின் மூன்றாவது குமாரர் என்கிறது. அவர் தேகப் பயிற்சி கற்பித்தார் என்ற கதையோ 17-ம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான் தலைகாட்டுகிறது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற நாம் இதை மறைக்கலாகாது.

ஜப்பானியரும் இந்த விஷயத்தில் யோக்கியமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. கராத்தே என்ற சொல்லை முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துக்களால் எழுதிவந்தார்கள். 1930-களில், சீனாவின்மேல் ஜப்பான் படை நடத்திய அந்தக் காலத்தில், உச்சரிப்பை மாற்றாமல் எழுத்தை மாத்திரம் மாற்றி 'வெறுங்கை' என்று பொருள் வரும்படி செய்துவிட்டார்கள். கடன் கொடுத்தவன் பெயரைக் கணக்குப் புஸ்தகத்திலிருந்து அழித்தது போலாயிற்று. கொடுக்காத கடனை வசூலிக்க நாம் கிளம்புவதும் அதற்குக் குறைந்ததல்ல. சிலம்பத்தைக் கற்பிக்கத் தாராளமாக ஏற்பாடு செய்வோம்; அதற்காகக் கராத்தே பயிலும் குழந்தையைக் குறை சொல்லவேண்டியதில்லை.

குறை சொல்லவேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. நாம் போன பந்தயத்தில் பிரிவுகளை எண்ணிப் பார்த்தோம். வயதுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, பட்டையின் வர்ணத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போய், ஒரு பிரிவில் மூன்றே பிள்ளைகள் இருந்தார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அவர்களுக்கே. மற்றொன்றில் ஒரு பையன் ஒரு தடவைகூடக் கையை நீட்டாமல் வெள்ளி வாங்கினான். நுழைவுக் கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். பந்தயத்தின் பெயரில் 'அகில இந்திய' என்றும் 'சர்வதேச' என்றும் சேர்த்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியிருப்பதாகத் தெரியவில்லை. சான்றிதழை வைத்துக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்புகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரமுள்ள சங்கம் கொடுத்த சான்றிதழ் அல்லாதது அங்கே வெறும் காகிதம். அந்த அங்கீகாரமும் ஸ்திரமாயில்லை. சங்கத்தாருக்குள் நேர்ந்த பூசலில் 2020-ல் உலகக் கராத்தே சம்மேளனமே நம் தேசியச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. கையை நிறுத்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற பெரியவர்கள் சண்டையை நிறுத்தக் கற்கவில்லை.

ஆகையால், அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர்கள் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளலாம்: நடத்துவது எந்தச் சங்கம், நடுவர்கள் எங்கே பரீட்சை தேறியவர்கள், எத்தனை மெத்தைக்கு எத்தனை வைத்தியர். இந்த மூன்றையும் நாம் ஓர் அமைப்பாளரிடம் கேட்டோம். அவர் மிகுந்த மரியாதையுடன் நம்மை உள்ளே அழைத்துச் சென்று, மேஜைமேல் ஆளுயரம் அடுக்கி வைத்திருந்த கோப்பைகளைக் காண்பித்தார்.