வோட்டுரிமையும் வயது வரம்பும்

வோட்டுரிமைக்குரிய வயதை 18 இலிருந்து 16 ஆகக் குறைக்கலாமா என்னும் பிரச்னை பல தேசங்களில் எழுந்திருக்கிறது. ஆஸ்திரியா 2007 இலேயே குறைத்துவிட்டது. பிரேசில் தேசத்தின் 1988 ஆம் வருஷத்திய அரசியல் சட்டம், 16 வயதானோர் விரும்பினால் வோட்டுப் போடலாமென்று விதித்தது. பிரிட்டிஷ் சர்க்காரும் வயதை 16 ஆக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. புதுவை வாசிகளாகிய நாம் இதைப்பற்றிச் சிந்திப்பதற்கு விசேஷக் காரணம் உண்டு.

வோட்டுரிமையை விஸ்தரிக்க முயன்ற போதெல்லாம் கிளம்பிய ஆட்சேபம் ஒன்றுதான்: ‘இவர்களுக்குப் போதிய விவேகம் இல்லை’ என்பது. சொத்தில்லாதவரையும் ஸ்திரீகளையும் எழுத்தறியாதவரையும் இவ்வாறே தடுத்துப் பார்த்தனர். இலங்கையில் 1931 இல் 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வோட்டு வந்தது. 1959 இல் வயது 18 ஆயிற்று. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 61 ஆவது திருத்தம் 1989 மார்ச்சு 28 முதல் 18 வயதினருக்கு அவ்வுரிமையை அளித்தது. இதனால் எங்கும் குடி முழுகிப் போய்விடவில்லை.

மைனர் ஒருவன் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாதிருக்க, அவனுடைய வோட்டு மட்டும் செல்லலாமா என்று கேட்கின்றனர். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பலமான வாதமே. ஆயினும் நமது சட்டம் எல்லாக் காரியங்களுக்கும் ஒரே வயதை விதிக்கவில்லை. 14 வயது நிரம்பியவன் அபாயமற்ற தொழில்களில் கூலிக்கு உழைக்கலாம். 2015 ஆம் வருஷத்திய இளம் சிறார் நீதிச் சட்டத்தின்படி, 16 வயது நிரம்பியவன் கொடிய குற்றம் செய்ததாகக் கருதப்பட்டால், அவனது மனப்பக்குவத்தை ஆராய்ந்து, வயது வந்தவனைப் போலவே விசாரணைக்கு உட்படுத்த இடமுண்டு. தண்டனைக்குப் போதுமான பக்குவம் வோட்டுக்கு மாத்திரம் போதாதென்பது என்ன நியாயம்?

எனினும், பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்கும் உடனே 16 வயதை ஏற்படுத்த வேண்டுமென்று நாம் கோரவில்லை. அதற்கு அரசியல் சட்டத்தின் 326 ஆவது ஷரத்தையே திருத்த வேண்டும். அனுபவத்தால் பரீட்சித்துப் பாராமல் அதில் கை வைப்பது உசிதமன்று. பரீட்சைக்குத் தகுந்த இடம் ஸ்தல ஸ்தாபனம். அந்த ஷரத்து லோக்சபையையும் சட்டசபைகளையுமே குறிக்கிறது. பஞ்சாயத்துக்களைப் பற்றிய பகுதியோ வோட்டர்களின் வயதைக் கூறவில்லை. ஆகவே புதுவைச் சட்டசபை தன் 1973 ஆம் வருஷத்திய கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி இதைத் தொடங்கலாமென்பது நமது அபிப்பிராயம். அந்நிய நாட்டு உறவையும் வரவு செலவுத் திட்டத்தையும் 16 வயதுப் பிள்ளை அறியாதிருக்கலாம். தன் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை தேங்குகிறதா என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால், வோட்டு எந்த வயதில் கிடைத்தால் என்ன, தேர்தலே நடவாவிட்டால்? தவளக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். அது அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. புதுவைப் பிரதேசத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் 1968 இல் நடந்தது. மறுபடி நடந்தது 2006 இல். முந்திய தேர்தலின்போது 15 வயதுச் சிறுவனாயிருந்தவன் தன் ஊர்ப் பிரதிநிதிக்கு முதன்முதலாக வோட்டளிக்கையில் அவனுக்கு வயது 53! 2011 இல் அந்த ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. பின்னும் பல்லாண்டுகள் தேர்தலின்றி உத்தியோகஸ்தர் நிர்வாகமே நடந்தது. 2006 இல் 17 வயதாயிருந்த தவளக்குப்பத்து வாலிபன் 30 வயதைக் கடந்தும் அந்தப் பாக்கியத்தைப் பெறவில்லை. சட்டம் சொல்லும் வயது 18. நடைமுறை வகுத்த வயதோ வேறு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இப்பிரதேசத்தின் தலைவிதியைத் தீர்மானித்தவர்கள் யார்? பிரதிநிதி சபையினரும் முனிசிபல் கவுன்சிலர்களுமாகிய 178 பேர். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வோட்டளித்தனர். ஊர்ப் பிரதிநிதிகளின் வாக்கால் விடுதலை பெற்ற பிரதேசத்தில் ஊர்ப் பிரதிநிதிகளே இல்லாத காலம் நீண்டது வெட்கத்திற்குரியது.

ஆகவே தேசாபிமானிகள் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்: கொம்யூன் பஞ்சாயத்துக்களில் 16 வயதினருக்கு வோட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாத தேர்தல். இவற்றில் முந்தியது தாமதித்தாலும் பொறுக்கலாம். பிந்தியதில் ஒரு நாள் தாமதமும் பொறுக்கத்தக்கதன்று.