அவர்களும் மாணவியரே

ஆண்டுதோறும் நம் தொடக்கப் பிரிவுக்குப் பயிற்சி ஆசிரியைகள் வருகிறார்கள். கையில் பாடக்குறிப்பு நோட்டு, கக்கத்தில் சுருட்டிய சார்ட் தாள்கள், முகத்தில் பயம். அவர்களைக் கண்டால் நமக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். வகுப்பாசிரியை முன் வாய் திறவாத வாண்டுகள் கூட, தண்ணீர் குடிக்க வேண்டும், பென்சில் சீவ வேண்டும் என்று இவர்களைச் சூழ்ந்து கொள்ளும். பெரிய வகுப்பு மாணவியராகிய நாமோ சன்னலோரம் நின்று சிரிப்போம். பத்தாம் வகுப்பினராகிய நாங்களும் அப்படிச் சிரித்தவர்களே.

செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, வழக்கம் போல் சேலை கட்டிக் கொண்டு சிறு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தச் சென்றோம். எங்களுக்குக் கிடைத்தது கழித்தல் கணக்கு. ஒரு பீரியடுக்கென்று ஆயத்தம் செய்த பாடம் ஆறே நிமிடத்தில் தீர்ந்து போயிற்று! பலகையில் 32-லிருந்து 17-ஐக் கழித்துக் காட்டினோம். "2-லிருந்து 7 போகாது, எனவே பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும்" என்றோம், எங்களுக்குச் சொல்லித் தந்தபடியே. முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "கடனை எப்போ டீச்சர் திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். வகுப்பே பதிலுக்குக் காத்திருந்தது. எங்களிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டுகளாகக் கடன் வாங்கி வருகிறோம், ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர், நாங்கள் சிரித்த அதே பயிற்சி ஆசிரியை. பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் தரையில் வைத்தார். ஒரு கட்டை அவிழ்த்தார். தனிக் குச்சிகள் பன்னிரண்டாயின. "யாரிடமும் கடன் வாங்கவில்லை கண்ணு, நம் கட்டைத்தான் அவிழ்த்தோம்" என்றார். அவருடைய குரல் அப்போதும் நடுங்கத்தான் செய்தது.

இதைவிடக் கடினமான ஒன்றையும் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. நம் சேரம்பாடி வயநாட்டை ஒட்டிய ஊர். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோரும் இங்கே ஒரே பாயில் அமர்கிறார்கள். சமவெளியிலிருந்து வந்த அவருக்கு இது தெரியாது. நாய்ப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார். ஒரு பையன் "பட்டி" என்றான். மலையாளத்தில் அது சரியான விடை. அவரோ திகைத்து, "எங்கள் ஊர்ப் பெயரே பட்டியில்தான் முடிகிறது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்து விட்டான். அடுத்து, பணியர் வீட்டுச் சிறுமி ஒருத்தி ஒரு படத்துக்குத் தன் வீட்டுச் சொல்லைச் சொன்னாள். மறுபடியும் சிரிப்பு. சன்னலோரம் நின்ற எங்கள் சிரிப்பு அதில் பெரியது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஐந்து நாட்கள் அவள் பள்ளிக்கு வரவுமில்லை.

ஆறாம் நாள் சிஸ்டரும் பயிற்சி ஆசிரியையும் மழையில் அவள் குடியிருப்புக்கே நடந்து சென்று அழைத்து வந்தார்கள். அதன் பிறகு அந்த ஆசிரியை நாற்காலியை விட்டுத் தரையில் அமரத் தொடங்கினார். ஒவ்வொரு படத்தையும் காட்டி, "உங்க வீட்டில் இதை என்ன சொல்வீங்க?" என்று கேட்டு, வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டார். குழந்தைகள் அவருக்குப் பாடம் நடத்தினார்கள் என்பதே சரி.

பிள்ளைகள் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூர் அனாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் ஏற்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். 1797-ல் இலண்டனில் இதை நூலாக அவர் வெளியிட, "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

"பழகிக் கொள்ள எங்கள் பிள்ளைகள்தானா கிடைத்தார்கள்?" என்று பெற்றோர் சிலர் குறைப்படுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பயிற்சி பெறுவோரைச் சாராது. பயிற்சி அமைந்துள்ள விதத்தையே சாரும். மேற்பார்வையிட வந்தவர் பின் பெஞ்சில் அரை மணி நேரம் அமர்ந்து, சார்ட்டுகளை மிகவும் பாராட்டினார். ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறோம்: அணிலும் ஆமையும் வரைந்து வண்ணம் தீட்டியவர்கள் நாங்கள்! அந்தச் சொல் நோட்டை அவர் திறந்தும் பார்க்கவில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்ற வரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கிறது. ஆகவே எங்கள் கருத்து இதுதான். இம்மலைக்கு வரும் பயிற்சி ஆசிரியையை முதல் வாரம் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். சார்ட்டுக்குப் போடும் மதிப்பெண்ணில் பாதியை அந்தச் சொல் நோட்டுக்குப் போடுங்கள். பிள்ளைகள் பழகி வரும் வேளையில் அவரைத் திருப்பி அழைக்காதீர்கள். அந்தச் சிறுமி தானாகவே வாய் திறந்து பேசிய வாரத்தில்தான் எங்கள் ஆசிரியையின் பயிற்சிக் காலம் முடிந்தது. அவர் பேருந்து ஏறிய அன்று அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

நோட்டை அவர் வகுப்பாசிரியையிடம் விட்டுச் சென்றார். கடைசியில் இருபது பக்கங்கள் வெறுமையாக இருந்தன. இப்போது மதிய உணவுக்குப் பின் நாங்கள் முறை வைத்துப் பாயில் அமர்ந்து அதை நிரப்பி வருகிறோம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அரும்புக் குழு முழுவதும் சிரிக்கிறது. முதலில் சிரிப்பவள் அவள்தான்.