சான்று கேட்போரின் சான்றில்லா நம்பிக்கை

இயேசு என்றொரு மனிதர் வாழ்ந்ததே இல்லை, கிருஷ்ணன், எகிப்தின் ஹோரஸ், ரோமானியரின் மித்ராஸ் ஆகியோரின் கதைகளை ஒட்டுப்போட்டு உருவாக்கிய கற்பனைப் பாத்திரமே அவர் என்ற கருத்து நாத்திகர் பலரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. மத நம்பிக்கைக்கு எதிரான வாதமாக அது முன்வைக்கப்படுகிறது. ஆனால் அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் மூல நூல்களைத் திறந்து பார்த்ததில்லை. முன்னவர் சொன்னதைப் பின்னவர் ஏற்றுக்கொண்டு, கேள்வி கேட்காமல் அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார்கள். எதற்கும் சான்று வேண்டும் என்று முழங்குவோர் இங்கே நம்பிக்கையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள்.

இந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் புரூனோ பவர் இயேசுவின் வரலாற்று இருப்பை மறுத்தார். 1875இல் அமெரிக்கரான கெர்சி கிரேவ்ஸ், சிலுவையில் அறையப்பட்ட பதினாறு மீட்பர்கள் உலகில் தோன்றியதாக ஒரு நூல் எழுதினார். 1909இல் ஆர்தர் ட்ரூஸ் அதே மறுப்பை ஜெர்மனியில் பரப்பினார். சோவியத் ஒன்றியத்தின் மத எதிர்ப்புப் பிரசாரம் அதை உறுதிப்பட்ட உண்மைபோலக் கற்பித்தது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்கூட 1927இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், இயேசு வாழ்ந்தாரா என்பதே மிகவும் ஐயத்துக்குரியது என்று விரிவான விளக்கமின்றிச் சொல்லிவிட்டு நகர்ந்தார். 2007இல் இணையத்தில் வெளியான ‘சைட்கைஸ்ட்’ படம் இந்தக் கதையைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.

கிருஷ்ணனைப் பற்றிய கூற்றைத் தமிழ் வாசகர் எவரும் தாமே சரிபார்க்கலாம். கன்னியிடம் பிறந்தவர் என்று ‘சைட்கைஸ்ட்’ சொல்கிறது. சிலுவையில் அறையப்பட்டவர் என்று கிரேவ்ஸ் எழுதுகிறார். தேவகி வசுதேவரின் மனைவி என்பதும், கிருஷ்ணன் அவள் வயிற்றில் எட்டாவதாகப் பிறந்த பிள்ளை என்பதும் ஊரறிந்த கதை. மகாபாரதத்தின் மௌசல பர்வமும் பாகவதமும் அவரது முடிவைத் தெளிவாகச் சொல்கின்றன: மான் என்று எண்ணி வேடன் எய்த அம்பு காலில் தைத்து அவர் உயிர் நீத்தார். அங்கே சிலுவை இல்லை. கோவில் கதாகாலட்சேபத்தில் கேட்டவர்களுக்கே தெரிந்த ஒன்றைப் பகுத்தறிவு நூல்களும் படங்களும் தவறாகச் சொல்லியிருக்கின்றன. அறிந்த ஒன்றிலேயே இத்தனை பிழை இருக்கும்போது, அறியாத எகிப்தையும் ரோமையும் பற்றி அவை சொல்வதை எப்படி நம்புவது?

அங்கும் நிலைமை இதுவே. ஹோரஸின் தாய் ஐசிஸ், ஒசிரிஸின் மனைவி. கொல்லப்பட்ட கணவனின் சிதறிய உடலைச் சேர்த்து அவள் கருவுற்றதாக எகிப்தியப் புராணம் கூறுகிறது. அதில் கன்னிப் பிறப்பும் இல்லை, சிலுவை மரணமும் இல்லை. மித்ராஸ் பாறையிலிருந்து வளர்ந்த உருவோடு வெளிப்பட்டதாக ரோமானியச் சிற்பங்கள் காட்டுகின்றன. பிறந்தநாள் ஒற்றுமையாகக் காட்டப்படும் டிசம்பர் 25 நற்செய்தி நூல்கள் எதிலும் இல்லை. கிறிஸ்து பிறப்பு அன்று கொண்டாடப்பட்டதற்கான தெளிவான சான்று 4ஆம் நூற்றாண்டு ரோமில்தான் கிடைக்கிறது. பிற்காலத் திருச்சபை ஒரு திருவிழாவுக்கு எந்த நாளைத் தேர்ந்தது என்பது, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் வாழ்ந்தாரா என்பதை முடிவுசெய்யாது.

இந்த ஒப்புமைகள் உதிர்ந்தபின் எஞ்சுவது மௌன வாதம்: இயேசு வாழ்ந்த காலத்து ரோமானிய ஆவணம் எதிலும் அவர் பெயர் இல்லை, ஆகவே அவர் இல்லை. அந்தக் காலத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. யூதேயாவைப் பத்தாண்டுக் காலம் ஆண்ட பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல்வெட்டே 1961இல்தான் செசரியாவில் கிடைத்தது. ஆளுநருக்கே இந்த நிலை என்றால், நாசரேத்து என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஒரு போதகருக்கு அரசு ஆவணம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதே நூற்றாண்டில் மக்களைத் திரட்டிக் கொல்லப்பட்ட தெயுதாஸைப் பற்றி, பின்னாளில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அப்போஸ்தலர் பணி நூலும் மட்டுமே பேசுகின்றன. அவர் வாழ்ந்ததை வரலாற்றாசிரியர்கள் மறுப்பதில்லை. ஒரே அளவுகோலை இருவருக்கும் வைப்பதே நேர்மை.

இருக்கும் சான்றுகளும் குறைந்தவை அல்ல. இயேசு இறந்து சுமார் இருபது ஆண்டுகளில் கடிதங்கள் எழுதிய பவுல், எருசலேமில் பேதுருவையும் இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் நேரில் சந்தித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். கற்பனைப் பாத்திரத்துக்கு உயிரோடு ஒரு சகோதரர் இருக்க முடியாது. ஜோசிபஸ் 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூலில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்றே அந்த யாக்கோபின் கொலையைப் பதிவு செய்கிறார். அதே நூலின் வேறொரு பத்தியில் கிறிஸ்தவர்களின் இடைச்செருகல் இருப்பதை அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். யாக்கோபு பற்றிய குறிப்பை மிகப் பெரும்பாலோர் மெய்யானதாகவே கருதுகிறார்கள். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ரோமானியர் டாசிட்டஸ், பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதித்ததைச் சொல்கிறார். கிறிஸ்தவத்தைக் கேடான மூடநம்பிக்கை என்று வெறுத்தவர் அவர்.

எதிரிகளின் பேச்சும் கவனத்துக்குரியது. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கிய கெல்சஸ், இயேசுவின் பிறப்பை இழிவுபடுத்தினார். அவரை மந்திரவாதி என்றார். அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லவில்லை. மேலும், கற்பனையாக ஒரு மேசியாவைப் படைக்க விரும்பிய யூதர்கள், ரோமானியரால் அடிமைக்குரிய சாவுக்கு உள்ளான ஒருவரைப் படைத்திருக்க மாட்டார்கள். சிலுவை யூதருக்கு இடறலாக இருந்ததைப் பவுலே எழுதுகிறார். நடந்துவிட்ட ஒன்றுக்கு விளக்கம் தேட வேண்டியிருந்ததால்தான் இயேசுவைப் பின்பற்றியவர்கள் அந்தச் சாவைச் சுமந்தார்கள்.

இயேசு வாழ்ந்தார் என்பதை ஏற்பவர்கள் பக்தர்கள் மட்டும் அல்லர். தம்மை அறியொணாவாதி என்று அழைத்துக்கொள்ளும் பார்ட் எர்மன், 2012இல் இந்த மறுப்பை எதிர்த்தே ஒரு நூல் எழுதினார். மத நம்பிக்கை இல்லாத பிரிட்டிஷ் அறிஞர் மாரிஸ் கேசி 2014இல் அதையே செய்தார். ரிச்சர்ட் டாக்கின்ஸ்கூட 2006இல் வெளியிட்ட தம் நூலில், இயேசு வாழ்ந்திருக்கக் கூடும் என்றே எழுதுகிறார். இயேசுவின் இருப்பை மறுக்கும் ரிச்சர்ட் கேரியரே, கிரேவ்ஸின் நூலை நம்ப வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்.

இயேசு வாழ்ந்தார் என்பதிலிருந்து அவர் தண்ணீர்மேல் நடந்தார் என்றோ, உயிர்த்தெழுந்தார் என்றோ, கடவுள் என்றோ வரலாற்றாய்வு முடிவுகட்டாது. ஆகவே இந்த மறுப்பைக் கைவிடுவதால் நாத்திகத்துக்கு ஒரு இழப்பும் இல்லை. இழப்பு அதைப் பிடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது: சரிபார்க்காத கூற்றைத் தன் பக்கத்துக்குச் சாதகம் என்பதற்காகவே ஏற்பவர், எந்த மனப்போக்கைப் பிறரிடம் கண்டிக்கிறாரோ அதையே கைக்கொள்கிறார். பகுத்தறிவு என்பது ஒரு முடிவின் பெயர் அன்று. முடிவுக்கு வரும் முறையின் பெயர். அந்த முறையைத் தனக்குப் பிடித்த கூற்றின்மேலும் செலுத்தத் துணிபவருக்கே பிறரிடம் சான்று கேட்கும் உரிமை உண்டு.