ஆட்டிசம்: பெற்றோருக்கு யார் கற்றுத்தருவது?

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், நம் ஊர்களில் பெற்றோருக்கு முதலில் கிடைப்பது ஆறுதல் வார்த்தைதான். "அவன் மாமனும் அஞ்சு வயசுலதான் பேசுனான்", "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் வாய் தெறக்கும்" என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது பலித்தும் விடுகிறது. ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாத, மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை வேறு வகை. அந்தப் பிள்ளையின் வீட்டில் ஆறுதலை நம்பிக் காத்திருக்கும் இரண்டு ஆண்டுகள், திரும்பக் கிடைக்காத ஆண்டுகள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு அரசு வைத்திருக்கும் வழியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வைத்தே பார்ப்போம். அந்த மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்தது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை பள்ளிக்கும் வர வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் குழு தேட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. சந்தேகம் வந்தால் மாவட்ட அளவிலான இடையீட்டு மையம், பிறகு மருத்துவக் குழுவின் சான்று, அடையாள அட்டை, உதவித்தொகை. வழி காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது.

இந்த வழியில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. சான்றும் அட்டையும் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு வீடு திரும்பும் தாய், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையோடு என்ன செய்ய வேண்டும்? எப்படிப் பேச வேண்டும்? அழுகை கட்டுக்கடங்காமல் போனால் எப்படித் தணிக்க வேண்டும்? பல் துலக்க, கழிப்பறை போக எப்படிப் பழக்க வேண்டும்? இதைச் சொல்லித்தரும் ஆள் அந்த வழியில் எங்குமே நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இதைக் கருணைக்கு விட்டுவிடவில்லை. குடும்பத்தாருக்கும் சமூகத்தாருக்கும் பராமரிப்பு குறித்த பயிற்சி தர வேண்டும் என்று அதன் 47-ஆவது பிரிவு அரசுக்குக் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்ததும் இதே சட்டம்தான். சேர்த்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 47-ஆவது பிரிவைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாவட்டத்தின் சமவெளியில் இருக்கும் சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ இந்தப் பள்ளத்தை ஓரளவு தாண்டிவிடலாம். சேலம் இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது, முடிந்தவர்கள் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனம் வரை போகிறார்கள். அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் நிலைமை வேறு. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு ஒரு தாய் இறங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். விடியலில் பேருந்து வரும் சாலைவரை நடை. பிறகு கச்சிராயப்பாளையம் வழியாக வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுநர் ஹாரன் அடிக்கத்தான் வேண்டும். ஒலி தாங்காத பிள்ளைக்கு அந்த ஒவ்வொரு ஹாரனும் அடி. கூட்டத்தில் அது கத்தத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தாயைப் பார்க்கும் பார்வை இன்னொரு அடி. முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முழு நாள் போய்விடும். 2025-26-இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் எட்டு நாள் கூலி, அதற்கு மேல் பேருந்துச் செலவு. மூன்றாவது வாரம் அவள் வராமல் போனால், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

இந்த மலைக்கு அரசே தாமதமாகத்தான் வந்தது. மலையை ஆண்ட ஜாகீர்தார்களின் பிடி 1976-இல்தான் விலகியது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலையில் வாழும் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. சாலையும் மருத்துவமனையும் பேருந்துமே இப்போதுதான் பேசப்படுகின்றன. இதில் பேச்சுப் பயிற்சியாளர் எங்கே வரப்போகிறார் என்று சலிப்பவர்கள் உண்டு. அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆனால் ஆட்டிசம் விஷயத்தில், நிபுணர் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது.

பெற்றோர் பயிற்சி பற்றிக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2016-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. பயிற்சியைக் கொடுத்தவர்கள் மருத்துவர்களோ பேச்சுப் பயிற்சி நிபுணர்களோ அல்லர். அதற்கெனத் தயார்செய்யப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைக் காணொளியாகப் பதிவுசெய்து, பணியாளரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளை ஒரு சின்ன சமிக்ஞை கொடுத்தது, அதைத் தாய் கவனித்தாரா, தவறவிட்டாரா என்று பேசுகிறார்கள். பாடம் அவ்வளவுதான்.

அந்தப் பாடம் வீட்டில் எப்படி இருக்கும்? நான்கு வயதுப் பிள்ளை வாசலில் மரவள்ளிக் குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். நாம் வழக்கமாகச் செய்வது அவன் முகத்தைத் திருப்பி, "இங்க பாரு, இது என்ன? குச்சி சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பது. அவன் இன்னும் தள்ளிப் போவான். பயிற்சி பெற்ற தாய் அவனுக்கு எதிரே, அவன் கண்மட்டத்துக்குத் தரையில் உட்காருவார். கேள்வி கேட்க மாட்டார். ஒரு குச்சியை எடுத்து அவன் வரிசையின் கடைசியில் வைத்து, "குச்சி" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். கஷ்டமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. நமக்கு ஐந்து விநாடி மௌனம்கூடத் தாங்காது. அடுத்த குச்சி அவர் கையிலேயே இருக்கும். ஒரு கட்டத்தில் பிள்ளையின் கை அதை நோக்கி நீளும், அல்லது கண் ஒரு கணம் அவர் முகத்துக்கு வந்து போகும். உடனே குச்சியைக் கொடுத்துவிடுவார். கேட்டால் கிடைக்கும், இன்னொரு மனிதரிடம் கேட்கலாம் என்பதை அந்தப் பிள்ளை அங்கே கற்கிறது. இதற்குப் பொம்மைக் கடை வேண்டாம், குளிரூட்டிய அறை வேண்டாம்.

கோவா, ராவல்பிண்டி சோதனையில் ஆட்டிசம் மறைந்துவிடவில்லை. மறையும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பிள்ளையின் போக்கை அனுசரித்துப் பேசப் பெற்றோர் பழகினார்கள், பிள்ளைகள் தாங்களாக முன்வந்து பேச்சையோ சைகையையோ தொடங்குவது கூடியது. நேர்மையான அறிவியல் தரும் வாக்குறுதி இந்த அளவுக்குத்தான் இருக்கும். 'குணப்படுத்திவிடுவோம்' என்று விளம்பரம் செய்து ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நிலத்தை விற்றுக்கொண்டு போகும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. மலையில் அந்தச் செய்தி போய்ச் சேருவதும் பெற்றோர் கல்வியின் ஒரு பகுதிதான்.

உலக சுகாதார நிறுவனமும் இதே திசையில் ஒரு பாடத்திட்டம் தயாரித்திருக்கிறது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான, வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கு வருகை. நிபுணர் அல்லாதவரே நடத்தலாம். ஆட்டிசம் என்ற சான்று கையில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சான்றுக்காக மாதக்கணக்கில் அலையும் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி அம்சம் பெரிய விடுதலை.

வெளிநாட்டுத் திட்டம் நம் மண்ணில் வேர்விடுமா என்று கேட்பவர்கள் தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் கையில் இருக்கும் செயலியில் பிள்ளையின் முன்னேற்றம் பதிவாகிறது. நிபுணர்கள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். பயிற்சியின் மையத்தில் குடும்பம் இருக்கிறது. அங்கே முடிந்தது கல்வராயன் மலையின் கரியாலூரிலும் இன்னாட்டிலும் சேராப்பட்டிலும் ஏன் முடியாது?

ஆட்கள் ஏற்கெனவே மலையில் இருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போய்ப் பழகிய பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத ஊர் அரிது. மலைவாழ் மக்களின் பேச்சு வழக்கு தெரிந்த, அவர்களில் ஒருவரான பெண்ணே வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து சொல்லித்தந்தால் கிடைக்கும் நம்பிக்கை, சமவெளியிலிருந்து மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து போகும் யாராலும் கிடைக்காது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் சேவை மையங்களை நான் வரவேற்கிறேன். ஆனால் மையம் ஒன்று கட்டித் திறந்ததோடு மலைக்கான கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர் என்று சொல்லும்போது கல்வராயனில் யாரைச் சொல்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். காபி, மிளகு பறிப்புக் காலத்தில் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் கணவனும் மனைவியுமாகப் போய்விடும் குடும்பங்கள் பல. அந்த மாதங்களில் பிள்ளையை வளர்ப்பது பாட்டி. தாய்க்கு மட்டும் சொல்லிக்கொடுத்த பாடம் அவளோடு பேருந்தேறிப் போய்விடும். பிள்ளை இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கே காலையில் எழுப்புவது விடுதிக் காப்பாளர், சோறு போடுவது சமையலர். தட்டில் குழம்பும் பொரியலும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் சாப்பிடாமல் எழுந்துபோகும் பிள்ளையைப் பற்றி அந்தச் சமையலருக்கு யாராவது ஒருமுறை விளக்கிச் சொல்லியிருந்தால், 'அடங்காத பயல்' என்ற பெயரோடு அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட மாட்டான். மலையில் பெற்றோர் பயிற்சி என்பது பாட்டிக்கும் காப்பாளருக்கும் சமையலருக்கும் சேர்த்தே நடக்க வேண்டும்.

ஒரு பயம் எனக்கு உண்டு. பெற்றோருக்கே பயிற்சி என்பதை அரசு தன் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டும் வழியாக மாற்றிவிடக் கூடாது. ஆட்டிசத்தின் வரலாற்றில் தாய்கள் ஏற்கெனவே போதுமான அளவு தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். 1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதற்குப் பின், பாசமற்ற தாய்களால்தான் இது வருகிறது என்ற அபாண்டம் மேலை நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறிவியலாக உலவியது. அதை உடைத்தவர்களில் முதன்மையானவர்கள் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரே: அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லண்ட், பிரிட்டனில் லோர்னா விங். இந்தியாவில் டெல்லியின் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும், சென்னையில் வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜனும் மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்களே. கணவன் வீட்டாரின் "உன் வயித்துல பொறந்ததுதானே" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் அடங்கவில்லை. அதனால் பயிற்சியின் முதல் அமர்விலேயே தகப்பனும் மாமியாரும் உட்கார வேண்டும். 'உன்னால் வந்ததில்லை' என்ற ஒரு வாக்கியத்தைத் தாய் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும்.

தூக்கமில்லாத இரவுகள் பற்றிப் பேச இன்னொரு தாய் கிடைப்பதும் பயிற்சிக்கு நிகரான உதவி. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவர் என்று உலக அளவில் சொல்லப்படும் கணக்கு இந்த மலைக்கும் பொருந்துமானால், ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படிச் சில வீடுகளாவது இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல், தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாவட்ட நிர்வாகம் இதற்குப் புதுச் சட்டம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் (1999) கீழான உள்ளூர்க் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியரே. அந்தச் சட்டத்தின் வழி வரும் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. மலையில் எத்தனை வீட்டுக்கு அது தெரியும் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தட்டும். வெள்ளிமலையில் முதல் குழுவைத் தொடங்கட்டும். அமர்வுக்கு வரும் நாளின் கூலியை ஈடுகட்டட்டும். மத்தியானச் சோறும், கூட வரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஏற்பாடு செய்யட்டும். தோட்ட வேலைக்கு ஆட்கள் மலையிறங்கும் மாதம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதற்கு முன்பே அமர்வுகள் முடியும்படி நாட்காட்டியைப் போடட்டும்.